என்ஜின் நாக் காட்டுகிறதா? டைமிங்கில் கை வைப்பதற்கு முன் காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

ரீமேப் போட்ட, அதாவது பவருக்காக என்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றிய காரில், அந்தக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி டாங்கிளை முதல் முறையாகச் சொருகி லாக் எடுத்துப் பார்க்கிறீர்கள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஓரிடத்தில் இக்னிஷன் ரிடார்ட் −4.5 என்று சிவப்பில் நிற்கிறது, அதாவது நாக் என்று நினைத்துப் பிளக் பொறி போடும் நேரத்தை (டைமிங்) கம்ப்யூட்டர் 4.5 டிகிரி தள்ளிப்போட்டிருக்கிறது. வயிற்றைக் கலக்கும். நண்பர்களிடம் காட்டினால் பாதிப் பேர் "என்ஜின் போச்சு, உடனே ஸ்டாக் மேப்புக்குப் போயிடு" என்பார்கள், மீதிப் பேர் "அது பொய் நாக்குப்பா, டியூனரிடம் சொல்லி சென்சிட்டிவிட்டியைக் குறைச்சிடு" என்பார்கள். இந்த இரண்டாவது கூட்டத்திடம்தான் நான் சிக்கினேன். இரண்டு வாரம் ஓடியது, பிளக், காயில், பெட்ரோல் எல்லாம் மாற்றியாகிவிட்டது, 3400 ஆர்பிஎம் வந்தால் அதே −4.5. கடைசியில் அது என்ன என்று தெரிந்த கதையைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், அந்த எண்ணை யார் எழுதுகிறார்கள் என்று பார்த்துவிடுவோம், அது தெரியாமல் லாக் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை.

சென்சார் கேட்பது என்ன

பிளக் பொறி போட்டதும் தீ ஒரு முனையிலிருந்து பரவ வேண்டும். அது போய்ச் சேர்வதற்குள் மறு ஓரத்தில் அழுத்தத்திலும் சூட்டிலும் மாட்டிய கலவை தானாகவே பற்றிக்கொண்டால் அதுதான் நாக். அப்போது சிலிண்டருக்குள் அழுத்த அலை இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக மோதி மணி போல ஒலிக்கிறது. அந்த ஒலியின் அலைவெண் சிலிண்டரின் அகலத்தைப் பொறுத்தது. 1930-களில் எம்ஐடியில் இதை ஆராய்ந்து சமன்பாடு தந்தவர் சார்லஸ் ஸ்டார்க் டிரேப்பர். பின்னாளில் அப்பல்லோ விண்கலங்களுக்கு வழிகாட்டும் கருவியைச் செய்த ஆய்வகம் இவருடையதுதான். நமக்கு வேண்டியது அதன் எளிய வடிவம்: 1800-ஐ 3.14-ஆல் வகுத்து, வருவதை மில்லிமீட்டரில் உள்ள போர் (சிலிண்டரின் உள் விட்டம்) அளவால் வகுத்தால் கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும். 71 மில்லிமீட்டர் போர் கொண்ட போலோ 1.2 டிஎஸ்ஐக்குச் சுமார் 8.1, 86 மில்லிமீட்டர் கொண்ட டொயோட்டா 2ஜேஇசட்டுக்கு 6.7, 99.5 மில்லிமீட்டர் கொண்ட சுபாருவின் 2.5 லிட்டர் ஈஜேவுக்கு 5.8. ரீபோர் செய்து அரை மில்லிமீட்டர் கூடினால் இதில் பெரிய மாற்றம் வராது. ஆனால் வேறு என்ஜினைத் தூக்கி வைத்துவிட்டு அலைவெண்ணைப் பழைய கணக்கிலேயே விட்டிருந்தால் ஈசியூ (என்ஜின் கம்ப்யூட்டர்) தவறான ஸ்டேஷனைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

நாக் சென்சார் என்று பெயர் வைத்ததுதான் முதல் குழப்பம். அதற்கு நாக் என்றால் என்னவென்றே தெரியாது. பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கிய ஒரு மைக் அது. உள்ளே இருக்கும் பீசோ படிகம் அதிர்ந்தால் மின்னழுத்தம் வரும், அவ்வளவுதான். அந்தச் சத்தத்தை வடிகட்டி முடிவு சொல்வது ஈசியூ. ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிஸ்டன் மேலே வந்து திரும்பிய பிறகு சுமார் 10 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை மட்டும் அது காதைத் திறந்து வைக்கும். அந்த இடைவெளியில் வழக்கமாக எவ்வளவு சத்தம் இருக்கும் என்று ஆர்பிஎம் வாரியாக ஒரு சராசரி வைத்திருக்கும், வந்த சத்தம் அந்தச் சராசரியைப் போல இத்தனை மடங்கு தாண்டினால் நாக் என்று எழுதி டைமிங்கைப் பின்னால் இழுக்கும்.

இதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. அந்த நேரத்தில், அந்த அலைவெண்ணுக்கு அருகில் வேறு எது தட்டினாலும் ஈசியூ அதையும் நாக் என்றே எழுதும். அது பொய் நாக். இன்னொன்று, வழக்கமான சத்தமே கூடிப்போய்ச் சராசரி ஏறிவிட்டால் உண்மையான நாக் அந்த இரைச்சலில் அமுங்கிவிடும். சந்தைக்கடையில் ஒருவர் கூப்பிடுவது காதில் விழாத கதைதான். முதலாவது உங்கள் பவரைத் திருடும், இரண்டாவது பிஸ்டனைத் திருடும்.

லாக்கில் உள்ள எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு ஒன்று. லாக்கில் −3, −2.6, −2.2, −1.8 என்று வரிசையாகப் பார்த்துவிட்டு "நாலு தடவை நாக் ஆயிருக்கு" என்று பதறுவார்கள். பெரும்பாலான ஈசியூக்கள் டைமிங்கைச் சட்டென்று இழுக்கும், திருப்பிக் கொடுப்பது மட்டும் கஞ்சன் கணக்குதான், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். ஆகவே கிராஃப் ரம்பப் பல் போல இருக்கும்: செங்குத்தாக ஒரு விழுகை, அப்புறம் சாய்ந்த ஏற்றம். நாக் நடந்தது அந்த விழுகையில் மட்டும்தான். எந்த ஆர்பிஎம்மில் விழுந்தது என்பதையே குறித்துக்கொள்ளுங்கள், மீதியெல்லாம் அதன் வால்.

காருக்குக் கார் எண்ணின் பொருளும் மாறும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா டிஎஸ்ஐ கார்களில் சிலிண்டர் வாரியாக எத்தனை டிகிரி இழுக்கப்பட்டது என்று வரும், படிக்க எளிது. மிட்சுபிஷி எவோவில் நாக் சம் என்று ஒரே எண், மூன்று நான்கைத் தாண்டினால் டைமிங் குறையத் தொடங்கும். சுபாருவில் மூன்று எண்கள், இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். ஃபீட்பேக் நாக் கரெக்‌ஷன் என்பது இந்த நொடியில் கேட்டதற்கான பதில். ஃபைன் நாக் லேர்னிங் என்பது இந்த ஆர்பிஎம், இந்த லோடு கட்டத்தில் முன்பு கேட்டதை ஈசியூ எழுதிவைத்த குறிப்பு, போன வாரம் போட்ட மோசமான பெட்ரோலின் பாவம் இன்றைய லாக்கில் நிற்பது இதனால்தான். டைனமிக் அட்வான்ஸ் மல்டிபிளையர் என்பது ஈசியூ உங்கள் மேப்பின் மீது வைத்திருக்கும் மொத்த நம்பிக்கை, புதிய மாடல்களில் 1-லிருந்து குறைந்தால் கவனிக்க வேண்டும். எந்தக் கார் ஆனாலும், நீங்கள் பார்ப்பது இப்போது நடப்பதா, நினைவில் இருப்பதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

லாக் எடுக்கும் முன் வீட்டு வேலை

பெட்ரோல்தான் முதலில். சாதாரண பங்கில் வருவது 91 ஆக்டேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள், 20 சதவீத எத்தனால் கலந்த ஈ20 வந்த பிறகு எத்தனால் புண்ணியத்தில் கொஞ்சம் கூடியிருக்கலாம், அதை நம்பி மேப் போட வேண்டாம். இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி95, எக்ஸ்பி100, எச்பியின் பவர் 99 எல்லாம் கிடைக்கிற ஊர்களில் கிடைக்கின்றன. மேப் எந்த ஆக்டேனுக்குப் போட்டது என்று டியூனரிடம் கேட்டு, அதையே தொடர்ந்து இரண்டு டேங்க் போட்ட பிறகு லாக் எடுங்கள். பாதி டேங்க் 91 இருக்கும்போது மேலே பாதி 100 ஊற்றினால் உள்ளே இருப்பது ஏறக்குறைய 95தான். இன்னொன்று, எத்தனால் அளவு மாறினால் காற்று-எரிபொருள் விகிதத்தின் எண்ணும் மாறும் என்பதால் 14.7 கணக்கைப் பிடித்துக்கொண்டிருக்காமல் லாம்டாவாகவே (எந்தப் பெட்ரோலானாலும் சரியான விகிதம் 1 என்று காட்டும் அளவு) லாக் பண்ணுங்கள், குழப்பம் குறையும்.

அடுத்து இன்டேக் பைப்பைக் கழற்றி விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். எண்ணெய் வழிந்தால், என்ஜின் மூச்சுக் குழாய் வழியாக ஆயில் ஆவி உள்ளே போகிறது, அது ஆக்டேனைக் குறைக்கும். இது உண்மையான நாக்குக்கு வழி வகுக்கிற விஷயம், மேப்பில் சரிசெய்ய முடியாது. பிளக் இடைவெளி, ஆயில் அளவு இரண்டையும் பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

அப்புறம் அந்த மைக். என்ஜின் பிரித்துக் கட்டிய கார் என்றால் கண்டிப்பாகப் பாருங்கள். நடுவில் துளையிட்ட வட்டமான சென்சார் பிளாக்கின் உலோகத்தில் நேரடியாக உட்கார வேண்டும். அடியில் பெயின்ட், துரு, சிலிக்கான் கம் எதுவும் கூடாது, வாஷரும் கூடாது. இறுக்கம் பெரும்பாலான கார்களில் 20 நியூட்டன் மீட்டர், உங்கள் காருக்கு என்ன என்று சர்வீஸ் மேனுவலில் பார்த்து டார்க் ரெஞ்ச் போட்டே இறுக்குங்கள். "கை அளவு" என்று இறுக்கினால் தளர்ந்தாலும் தப்பு, அளவுக்கு மீறினாலும் தப்பு, இரண்டிலும் சென்சாரின் காது மாறிவிடும். ஒரு முறை நண்பனின் காரில் போல்ட் கழன்றுவிடக் கூடாது என்று யாரோ ஸ்பிரிங் வாஷர் போட்டுவைத்திருந்தார்கள், நல்ல எண்ணம்தான், சென்சார் பாதிச் செவிடாகியிருந்தது. வயர் இக்னிஷன் காயிலுக்கோ ஆல்டர்னேட்டருக்கோ பக்கத்தில் கட்டப்பட்டிருந்தால் தள்ளிக் கட்டுங்கள்.

சத்தம் போடுகிறவர்களைத் தேடுதல்

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், நானும் போனேன். மாடிஃபை செய்த காரில் நாம் போட்ட ஒவ்வொரு பார்ட்டும் ஒரு புது சத்தம். பாலியூரித்தேன் மவுன்ட் போட்டால் என்ஜின் அசைவு குறையும், அதோடு பாடியில் தட்டுகிற எதுவும் ரப்பரில் அடங்காமல் நேராக பிளாக்குக்கு வந்துசேரும். டவுன்பைப் (டர்போவிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்) ஸ்டாக்கைவிடப் பருமன், சப்ஃப்ரேமிலோ ஹீட் ஷீல்டிலோ இடிக்கும். லேசான ஃப்ளைவீல் போட்டால் கியர்பாக்ஸ் கடகடக்கும். வால்வை வேகமாக மூடும் கேம் போட்டால் வால்வ் தன் இருக்கையில் அறையும் சத்தம் கூடும். ஃபோர்ஜ்டு பிஸ்டனில் 2618 என்ற அலாய் சூட்டில் அதிகம் விரியும், அதனால் இடைவெளி அதிகம் விட்டே மாட்டுவார்கள், குளிர்ந்த என்ஜினில் அது சுவரில் மாறி மாறி அடிக்கும். சிலிக்கான் கூடுதலாக உள்ள 4032-இல் இது குறைவு. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் காராக இருந்தால் இன்ஜெக்டரே டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கும்.

லிஃப்டில் ஏற்றி, கையுறை போட்டு, ஆறிய பிறகு டவுன்பைப், எக்ஸாஸ்ட், ஷீல்டு, பிராக்கெட் ஒவ்வொன்றையும் ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். சத்தம் கேட்பதைவிடக் கண்ணால் தேடுவது நல்லது: அழுக்குப் படிந்த உலோகத்தில் ஓரிடம் மட்டும் காசு போலப் பளபளத்தால் அங்கே ஏதோ உரசுகிறது. நிற்கும் காரில் இடைவெளி இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், ஃபுல் த்ராட்டிலில் என்ஜின் முறுக்கிக்கொண்டு சாயும், ஒரு விரல் இடைவெளி எங்கே போயிற்று என்றே தெரியாது.

பிறகு என்ஜின் சூடானதும் நியூட்ரலில் வைத்து மெதுவாக 4000 வரை ஏற்றி இறக்குங்கள். லோடு இல்லாத என்ஜினில் நாக் வர வழியில்லை, ஆகவே இங்கே ஈசியூ எதையாவது எழுதினால் அது பொய்தான். ஆனால் தலைகீழாகக் கணக்குப் போடாதீர்கள். பல ஈசியூக்கள் குறைந்த லோடில் நாக் கட்டுப்பாட்டையே தொடங்காது, நியூட்ரலில் சுத்தமாக இருந்தால் எதுவும் நிரூபணமாகவில்லை என்றுதான் அர்த்தம்.

இப்போது லாக்

ஈசிஆரில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வேண்டாம். டைனோ (காரை நின்ற இடத்திலேயே ஓட்டிப் பவரை அளக்கும் மெஷின்) கிடைத்தால் டைனோ, இல்லையென்றால் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ டிராக் டே. (மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.) மூன்றாவது கியர், 2000-லிருந்து ரெட்லைன் வரை ஃபுல் த்ராட்டில். மூன்று முறை, ஒரே மாதிரி.

சேனல்களை அள்ளிப் போடாதீர்கள். ஓபிடி வழியாக எடுக்கும்போது சேனல் கூடக் கூட ஒவ்வொன்றையும் படிக்கும் வேகம் குறையும், முப்பது சேனல் போட்டால் நாக் விழுந்த நேரம் இரண்டு படிப்புகளுக்கு நடுவில் தொலைந்துபோகும். ஆர்பிஎம், லோடு அல்லது பூஸ்ட், டைமிங், ரிடார்ட், இன்டேக் காற்றின் வெப்பம், லாம்டா, த்ராட்டில் போதும்.

மூன்று லாக்கையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். உண்மையான நாக் லோடையும் சூட்டையும் பின்தொடரும்: டார்க் (முறுக்கு விசை) உச்சத்தில் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வரும், மூன்றாவது ஓட்டத்தில் காற்று சூடாகும்போது கூடும், மே மாதச் சென்னை மதியத்தில் வருவது டிசம்பர் காலையில் காணாமல் போகும். பொய் நாக் பெரும்பாலும் ஆர்பிஎம்மைப் பிடித்துக்கொண்டு தொங்கும், சூடோ குளிரோ அதே 3400. கியர் மாற்றும் கணத்தில், த்ராட்டிலைச் சட்டென்று மிதிக்கும் கணத்தில், பள்ளத்தில் விழும்போது வருபவையும் அநேகமாகப் பொய். பிஸ்டன் அடிப்பது என்ஜின் சூடாகச் சூடாகக் குறையும், நாக் அதற்கு எதிர். ஆனால் இவை எல்லாம் சந்தேகம் மட்டுமே, தீர்ப்பு அல்ல. மேப்பில் ஒரே ஒரு கட்டத்தில் டைமிங் அதிகம் போட்டிருந்தாலும் ஒரே ஆர்பிஎம்மில்தான் நாக் வரும்.

தீர்ப்புக்கு இரண்டு சோதனை. டேங்கைக் கிட்டத்தட்டக் காலி செய்து 100 ஆக்டேன் நிரப்பி, மேப்பில் எதையும் தொடாமல் மறுபடி மூன்று ஓட்டம். குறைந்தால் உண்மை. அசையவே இல்லை என்றால் டியூனரிடம் சொல்லி அந்த இடத்தில் மட்டும் 2 அல்லது 3 டிகிரி டைமிங்கைக் குறைத்து மறுபடி பாருங்கள். அப்போதும் அதே எண், அதே இடம் என்றால் சத்தம்தான் என்று ஏறக்குறைய உறுதி. ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றாதீர்கள். டைமிங்கைக் கூட்டிப் பார்த்து "நாக் கூடுதா பார்ப்போம்" என்று சோதிப்பவர்களும் இருக்கிறார்கள், பிஸ்டன் உங்களுடையது என்பதை மறந்துவிட வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு. சின்ன டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போக்களில் 1500, 2000 ஆர்பிஎம்மில் மேல் கியரில் வைத்து அழுத்தினால் பிளக் பொறி போடுவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்வது உண்டு. பொறிக்கு முன்பே நடப்பதால் டைமிங்கைக் குறைத்தாலும் நிற்காது, ஆகவே மேலே சொன்ன சோதனையில் பொய் நாக் போலவே நடிக்கும். ஒரே அடியில் பிஸ்டன் ரிங் இடுக்கை உடைக்கவும் கூடும். ஏபிஐ எஸ்பி தர ஆயில் இதைக் குறைக்கவென்று வந்ததுதான். குறைந்த ஆர்பிஎம்மில் எப்போதாவது ஒரு முறை பெரிய எண் வந்தால் சோதனை எல்லாம் வேண்டாம், கியரைக் குறைத்து ஓட்டிக்கொண்டு டியூனரிடம் போங்கள்.

காதால் கேட்பதும் இன்னும் செல்லுபடியாகும். செம்புக் குழாயின் ஒரு முனையைத் தட்டையாக்கி, துளை போட்டு, பிளாக்கில் ஒரு போல்ட்டில் மாட்டி, மறுமுனையில் ரப்பர் டியூப் சொருகி அதைத் தொழிற்சாலையில் போடும் காது மூடியில் செருகினால் ஸ்டெதஸ்கோப் தயார். ஹெட்ஃபோனோடு எலக்ட்ரானிக் வகையும் கிடைக்கிறது. டைனோவில், ஓட்டாத ஆள் கேட்க வேண்டும். என்ஜின் இரைச்சலுக்கு மேலே தகர டப்பாவில் கோலிக்குண்டைக் குலுக்கியது போல ஒரு சடசடப்பு வந்தால் அது நாக். உலோகம் உலோகத்தில் இடிக்கும் சத்தம் வேறு மாதிரி, கனமாக இருக்கும், ஒருமுறை இரண்டையும் கேட்டவர்கள் குழம்ப மாட்டார்கள்.

கடைசிச் சாட்சி பிளக். கழற்றி வெள்ளைப் பீங்கானை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகளோ, மினுங்கும் சின்னச் சின்ன அலுமினியப் பொட்டுகளோ இருந்தால் விவாதம் முடிந்தது. பொட்டு அலுமினியம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பொய்தான் என்று தெரிந்த பிறகு

இடிப்பதை நிறுத்துங்கள், அதுதான் சிகிச்சை. ஃபோர்ஜ்டு பிஸ்டன், கேம் போன்று நிறுத்தவே முடியாத சத்தமாக இருந்தால் மட்டுமே ஈசியூவில் கை வைக்க வேண்டும். அப்போதும் நிரூபித்த அந்த ஆர்பிஎம் பகுதியில் மட்டும் வரம்பை ஏற்றலாம், கேட்கும் ஜன்னலைச் சுருக்கலாம். தனி ஈசியூ போட்டவர்கள் அலைவெண்ணை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி, இயந்திரச் சத்தம் குறைவான இடத்தில் கேட்கவைத்தும் பார்க்கலாம். மொத்த சென்சிட்டிவிட்டியையும் குறைத்துவிடுவது வேலை தெரியாதவர்கள் செய்வது. புகை வந்தால் அலாரத்தின் பேட்டரியைக் கழற்றுவது மாதிரி.

என் காரில் என்ன ஆனது? லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால் டவுன்பைப்பை இறுக்கும் கிளாம்ப்பின் போல்ட் தலை சப்ஃப்ரேமைப் பார்த்துத் திரும்பியிருந்தது, எதிரே கட்டைவிரல் நகம் அளவுக்குப் பளபளப்பு. மாட்டிய கடையில் கேட்டால் "அது அப்படித்தான் சார் வரும்" என்றார்கள். போல்ட்டைத் தளர்த்திக் கிளாம்ப்பைக் கால் வட்டம் திருப்பினேன், 3400-இல் இருந்த −4.5 அன்றே போயிற்று. ஆனால் அடுத்த லாக்கில் மூன்றாவது ஓட்டத்தில், 5200 ஆர்பிஎம்மில், மூன்றாம் சிலிண்டரில் மட்டும் −1.5 புதிதாக வந்து நின்றது. 100 ஆக்டேன் போட்டதும் அது மறைந்தது. இவ்வளவு நாளும் 3400-இல் இழுத்த டைமிங்கை ஈசியூ மெதுவாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே 5200-ஐத் தாண்டியிருக்கிறது, அதனால் அந்த இடத்தில் என்ஜின் முழு டைமிங்கைப் பார்த்ததே இல்லை. டியூனர் 5000-க்கு மேல் ஒரு டிகிரி குறைத்துக் கொடுத்தார். கிளாம்ப்பை மட்டும் ஒவ்வொரு சர்வீஸுக்கும் பிறகு நானே குனிந்து ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன்.